தெரிந்த பெயரில் வரும் தீங்கு
மின்னஞ்சல் இணைப்புகள் பற்றிய அங்கத்தினர் கல்விப் பாடம்

சங்கத்தின் இரும்புப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அங்கத்தினர் பலரும் உடனே விடை சொல்லுவர். பேரேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் இன்று பேரேட்டின் பெரும்பகுதி கணினிக்குள் சென்றுவிட்டது. அக்கணினிக்கு நாள்தோறும் வந்து சேரும் மின்னஞ்சல்களை யார் திறக்கிறார், எவ்வாறு திறக்கிறார், திறக்குமுன் எதைப் பார்க்கிறார் என்று கேட்டால் நம்மில் பலரிடம் விடை இராது. இம்மாதப் பாடம் அக்கேள்வியைப் பற்றியதாகும்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு, நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், விற்பனைக் கணக்கு ஆகியவை கணினியில் ஏறி வருகின்றன. வசதி பெருகும்போது காவலும் பெருக வேண்டும் அன்றோ?

அந்நியர் கடிதத்தைத் திறக்காமல் இருக்க முடியுமா?

இவ்விஷயத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. “தெரியாதவர் அனுப்பிய மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம்” என்பதே அது. இந்த அறிவுரை நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்போம்.

ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே உள்ள உத்தனப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். கருநாடக எல்லைக்கு அருகிலுள்ள இவ்வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. தக்காளியும் மலரும் மல்பெரியும் விளைகின்றன. பெங்களூர்ச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது; பட்டுக்கூட்டுக்கு இராமநகரச் சந்தை எட்டும் தூரத்தில் உள்ளது. பிப்ரவரி 14-ஆம் நாளை ஒட்டி ஓசூர் வட்டாரத்து ரோஜாவுக்கு வெளிநாடுகளிலும் கிராக்கி ஏற்படுகிறது. இத்தகைய இடத்தில் வியாபாரம் செய்யும் ஒரு சங்கம், முன்பின் தெரியாதவர் கடிதத்தைத் திறப்பதில்லை என்று விரதம் பூண்டால் சரக்குத் தேங்கிப்போகும். இன்றைய அந்நியரே நாளைய கொள்முதல்காரர்.

ஆகவே அந்த அறிவுரையைப் பின்பற்றுதல் இயலாது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் அதில் உண்டு. தெரியாத பெயரைக் கண்டு அஞ்சும் நாம் தெரிந்த பெயரைக் கண்டதும் காவலைத் தளர்த்திவிடுகிறோம். வைரஸ் எனப்படும் தீங்கு நிரல் பெரும்பாலும் தெரிந்த பெயரிலேயே வருகிறது. இதற்குச் சான்று கூறுமுன் நோயின் தன்மையை அறிந்துகொள்வது நலம்.

பட்டுப்புழு கற்பித்த பாடம்

மல்பெரி விவசாயிகளுக்குப் பெப்ரின் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நோயுற்ற தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைக்குள்ளேயே அந்நோய் தங்கியிருக்கும். முட்டையைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. 1865-இல் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் பட்டுத்தொழில் இந்நோயால் நலிந்திருந்தபோது லூயி பாஸ்டர் என்னும் அறிஞர் அங்கே சென்று ஆராய்ந்தார். ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்து, பின்னர் அப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் சோதிக்க வேண்டும். நோய் காணப்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும் என்று அவர் வகுத்தார். இன்றைய முட்டை வித்தகங்களில் நோயற்ற முட்டைத் தொகுதிகள் தயாரிப்பதும் இம்முறையை ஒட்டியே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. முட்டையைக் கொடுத்தவர் நல்லவரா என்று பாஸ்டர் கேட்கவில்லை. முட்டை நல்லதா என்றே கேட்டார். கொடுத்தவர் நம் உறவினராகவே இருக்கலாம். தம் பூச்சிக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மின்னஞ்சலோடு வரும் இணைப்பும் அத்தகைய முட்டை போன்றதே. மடலில் உள்ள எழுத்தைப் படிப்பதனால் மட்டும் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. இணைப்பைத் திறந்து, அதனுள் இருக்கும் நிரலை இயங்க விடும்போதே நோய் பரவுகிறது.

நண்பர் பெயரில் வந்த இரு நோய்கள்

1999-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் ‘மெலிசா’ என்னும் வைரஸ் பரவத் தொடங்கியது. அது வேர்டு ஆவணம் ஒன்றினுள் ‘மேக்ரோ’ என்ற சிறு நிரலாக ஒளிந்திருந்தது. ஆவணத்தைத் திறந்தவுடன் அக்கணினியின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் 50 முகவரிகளை எடுத்து, கணினிக்கு உரியவரின் பெயராலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. பெற்றவர் பலரும் நண்பரிடமிருந்து வந்த முக்கியச் செய்தி என்று எண்ணித் திறந்தனர்.

அடுத்த ஆண்டு, 2000 மே 4-ஆம் நாள், பிலிப்பைன்சு நாட்டிலிருந்து இன்னொன்று புறப்பட்டது. ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தலைப்புடன் அது வந்தது. இணைப்பு ஒரு காதல் கடிதம் போலப் பெயரிடப்பட்டிருந்தது. திறந்தவர் கணினியில் இருந்த படக் கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பியது. சில நாட்களுக்குள் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளை அது பீடித்தது. வைரஸை ஏவுதலைத் தண்டிக்கும் சட்டம் அப்போது அந்நாட்டில் இல்லாமையால், அதை எழுதியவர் மீது வழக்கு நிலைக்கவில்லை. நம் நாட்டில் அதே 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் பிறர் கணினியில் வைரஸைப் புகுத்துதல் குற்றமாகும். மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிற்காலத்தில் ‘எமோடெட்’ போன்றவை இன்னும் நுட்பமாக நடந்துகொண்டன. பீடித்த கணினியில் முன்பே நடந்திருந்த கடிதப் போக்குவரத்தைத் திருடி, அதற்கு மறுமொழி எழுதுவது போல இணைப்பை அனுப்பின. சென்ற வாரம் நூல் விலை பற்றி நாம் எழுதிய கடிதமே கீழே இருக்க, மேலே “இணைப்பைக் காண்க” என்று ஒரு வரி இருந்தால் யாருக்குத்தான் ஐயம் எழும்?

ஓராண்டு காத்திருந்த விண்ணப்பம்

கணினி கெட்டுப்போவதோடு தீங்கு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வங்காளதேச மத்திய வங்கியின் அனுபவம் சான்றாகும். 2015 ஜனவரியில் அவ்வங்கியின் ஊழியர் பலருக்கு வேலை விண்ணப்பம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. பணிவான சொற்கள், தன்விவரக் குறிப்பைப் பெறுவதற்கான வழியும் காட்டப்பட்டிருந்தது. ஊழியர் சிலர் அதனைத் திறக்க முயன்றனர் என்று அமெரிக்க நீதித்துறை 2018-இல் வெளியிட்ட குற்றச்சாட்டு ஆவணம் கூறுகிறது. உள்ளே புகுந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் பொறுமையாக இருந்தனர். 2016 பிப்ரவரி 4-ஆம் நாள், அந்நாட்டு வார விடுமுறைக்கு முந்திய இரவில், சுமார் 95 கோடி டாலரை மாற்றும்படி அவ்வங்கியின் பெயரால் கட்டளைகள் பறந்தன. கட்டளைகளை அச்சிட்டுக் காட்ட வேண்டிய அச்சுப்பொறியும் செயலற்றுக் கிடந்தது.

பெரும்பகுதி வழியிலேயே தடுக்கப்பட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு ஒரு வங்கி ஊழியர் கேள்வி எழுப்பியதால் நின்றது. ஆயினும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சு சென்று, பெரும்பகுதி மறைந்துவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் அமைப்பினுள் இணையக் குற்றவாளிகள் புகுந்து, மூன்று பரிமாற்றங்களாக ஏறத்தாழ 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்கு அனுப்பினர். அங்கும் அச்சுப்பொறி முடக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி 7-ஆம் நாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. ஒரு பரிமாற்றம் உடனே தடுக்கப்பட்டுப் பணம் திரும்பியது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தப்பிய பணத்தைக் காத்ததில் மனிதர் செய்த சாதாரணச் சோதனைகளுக்குப் பங்கு உண்டு. ஒருவர் எழுத்துப் பிழையைப் பார்த்துக் கேட்டார். மற்றோரிடத்தில் கணக்கை ஒத்துப் பார்த்தனர். நம் கூட்டுறவு இயக்கத்திற்கு இது புதிதன்று. தலைவரும் காரியதரிசியும் நேர்மையானவர்களே. எனினும் காசோலையில் இருவர் கையொப்பம் கேட்கிறோம், ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். அதனால் யாரையும் அவமதித்தோம் என்று கருதுவதில்லை. நம்பிக்கையைக் காப்பதே சோதனையின் நோக்கம். மின்னஞ்சல் இணைப்பிற்கும் இதே முறையை ஏற்றுக்கொள்வோமாக.

திறக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவது, விகுதியைப் பார்த்தல். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை விகுதி என்போம். கோப்பு எவ்வகையானது என்பதை அதுவே கூறும். விண்டோஸ் கணினிகள் சாதாரணமாக விகுதியை மறைத்தே காட்டும். 2000-ஆம் ஆண்டின் காதல் கடிதம் ‘டி.எக்ஸ்.டி.’ என்று முடியும் வெறும் எழுத்துக் கோப்புப் போலத் தோன்றியது. அதற்குப் பின் மறைந்திருந்த ‘வி.பி.எஸ்.’ என்பதே உண்மை விகுதி. அது இயங்கும் நிரலைக் குறிப்பது. ஆகவே கோப்புகளின் விகுதி எப்போதும் தெரியும்படி கணினியை அமைத்துக்கொள்ள வேண்டும். ‘இ.எக்ஸ்.இ.’, ‘வி.பி.எஸ்.’, ‘ஜே.எஸ்.’, ‘பேட்’, ‘எல்.என்.கே.’ என்று முடிவன கடிதமும் அல்ல, பட்டியலும் அல்ல. விலைப்பட்டியல் என்ற பெயரில் இவை வந்தால் திறத்தல் கூடாது.

இரண்டாவது, மேக்ரோவை இயக்காதிருத்தல். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும்போது மேலே ஒரு பட்டை தோன்றி, “உள்ளடக்கத்தை இயக்கு” என்னும் பொருளில் பொத்தான் காட்டும். அதை அழுத்தினால்தான் கடிதம் தெரியும் என்று கோப்பினுள்ளேயே எழுதியிருப்பின், அது தூண்டிலே என்று கொள்க. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022 முதல் தானாகவே தடுத்து வருகிறது. அத்தடையை நம் கையால் நீக்குவது, கதவைச் சாத்திவிட்டுச் சன்னலைத் திறந்து வைப்பதாகும்.

மூன்றாவது, பூட்டிய பொட்டலத்தை ஐயுறுதல். ஜிமெயில் போன்ற சேவைகள் இணைப்புகளைச் சோதித்து, இயங்கு நிரல்களை ஏற்க மறுக்கின்றன. இதை அறிந்த தீயோர், கோப்பை ‘ஜிப்’ பொட்டலமாக்கிக் கடவுச்சொல்லால் பூட்டி, அக்கடவுச்சொல்லை மடலிலேயே எழுதி அனுப்புவர். பூட்டிய பொட்டலத்தின் உள்ளே சோதனை நிரலால் பார்க்க முடியாது. பூட்டையும் சாவியையும் ஒரே கையில் கொடுப்பவரின் நோக்கம் பாதுகாப்பாக இருக்க முடியுமா?

நான்காவது, வேறு வழியாக உறுதி செய்தல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. எதிர்பாராத இணைப்பு எவர் பெயரில் வந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் அனுப்பினீர்களா?” என்று கேட்க வேண்டும். அம்மடலில் உள்ள எண்ணுக்குப் பேசலாகாது. நம் சங்கப் பதிவேட்டில் முன்பே எழுதி வைத்த எண்ணுக்கே பேச வேண்டும். மடலுக்கு மறுமொழி எழுதிக் கேட்பதும் பயனற்றது. திருடன் கையில் இருக்கும் முகவரியிலிருந்து “ஆம், நானே அனுப்பினேன்” என்றுதான் விடை வரும்.

புதிய வியாபாரியாக இருந்தால், “இணைப்பு வேண்டாம், இரகம், அளவு, விலை, நாள் ஆகியவற்றை மடலிலேயே எழுதுக” என்று மறுமொழி அனுப்பலாம். உண்மை வியாபாரி அதற்கு வருந்தமாட்டார். இவ்வகையில் அந்நியரோடு வியாபாரமும் நடக்கும், காவலும் கெடாது. “இன்றே திறக்காவிடில் ஆர்டர் ரத்தாகும்”, “ஒரு மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்” என்று அவசரப்படுத்தும் கடிதங்களை மேலும் நிதானமாகப் பார்த்தல் வேண்டும். பூ வாடும் பொருள் என்பதால் மலர் வியாபாரத்தில் அவசரம் இயல்பு. அதுவே தீயோருக்கு வாய்ப்பும் ஆகிறது.

கைப்பேசிக்கும் இவ்விதியே பொருந்தும். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, அரசு உதவித்தொகைச் செயலி என்ற பெயர்களில் ‘ஏ.பி.கே.’ விகுதியுள்ள கோப்புகள் வாட்ஸ்ஆப்பில் உலவுகின்றன. அழைப்பிதழ் படமாக வரும், செயலியாக வராது என்பதை வீட்டிலுள்ள யாவருக்கும் சொல்லி வைப்பது நன்று.

கணினியை ஆயத்தமாக வைத்தல்

புழுவளர்ப்பு மனையை முன்கூட்டியே கழுவிக் கிருமி நீக்கம் செய்கிறோம். கணினிக்கும் அத்தகைய நியமங்கள் உண்டு.

மின்னஞ்சல் மென்பொருள், உலாவி, இயங்குதளம் ஆகியவற்றிற்கு வரும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்க வேண்டும். விண்டோஸ் 10-க்குப் பொதுவாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. நீட்டிப்புக்குத் தனியே பதிவு செய்தால் மட்டும் குறிப்பிட்ட காலம் வரை கிடைக்கும். சங்கக் கணினி எப்பதிப்பில் ஓடுகிறது என்பதை நிர்வாகக் குழு விசாரித்தறிய வேண்டும்.

விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் என்னும் வைரஸ் தடுப்பு நிரலை அணைக்காமல் வைத்திருந்தாலே சிறு அலுவலகத்திற்கு நல்ல காவல் கிட்டும். அன்றாட வேலையை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கிலிருந்து செய்தால், நிரல் புகுந்தாலும் அதன் கை நீளாது. இணைப்பைக் கணினியில் இறக்காமல், மின்னஞ்சல் சேவையின் பக்கத்திலேயே முன்காட்சியாகப் பார்ப்பது மேலும் பாதுகாப்பானது. மின்னஞ்சல் கணக்கிற்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது உறுதிப்பாட்டையும் அமைத்தல் வேண்டும்.

இவையெல்லாவற்றிற்கும் மேலாகக் கணக்கின் நகல். வாரம் ஒரு முறையேனும் தனி வன்தட்டில் நகலெடுத்து, அத்தட்டைக் கணினியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் என்னும் நிரல், இணைந்திருக்கும் தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். விதை நெல்லைக் களத்திலேயே விட்டுவைப்பார் உண்டோ?

திறந்துவிட்டால்?

எவ்வளவு காவல் இருந்தாலும் ஒரு நாள் ஒருவர் கை தவறுதல் கூடும். அப்போது முதல் வேலை, அக்கணினியை இணையத்திலிருந்தும் மற்றக் கணினிகளிலிருந்தும் துண்டிப்பது. அதில் பென்-டிரைவ் எதையும் செருகலாகாது. அடுத்து, வேறு கணினியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்குத் தாமதமின்றிப் பேச வேண்டும். நம் முகவரிப் புத்தகத்தில் உள்ளோருக்கு, “எங்கள் பெயரில் வரும் இணைப்பைத் திறக்க வேண்டாம்” என்று தொலைபேசியில் சொல்ல வேண்டும். பீடிக்கப்பட்ட கணினியைச் சுத்தம் செய்ய, 2017-இல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா மையம் இலவசக் கருவிகள் வழங்குகிறது.

துண்டித்தலின் பயனை 2024 ஜூலை 31-ஆம் நாள் நிகழ்ச்சி காட்டும். கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேருக்கு ஆளானது. தேசியப் பணவழங்கீட்டுக் கழகம் அதன் தொடர்பை உடனே பிரித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் பணப்பரிமாற்றமின்றி இடர்ப்பட்டனர். ஆனால் நோய் மற்ற வங்கிகளுக்குப் பரவவில்லை. மறுநாளே தொடர்பு மீண்டது.

இங்கே நிர்வாகக் குழுவினர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இணைப்பைத் திறந்துவிட்ட எழுத்தர், “வேலை போய்விடுமே” என்று அஞ்சி இரண்டு நாள் மறைத்தால் அந்த இரண்டு நாளும் திருடனுக்குரியவை. உடனே வந்து சொன்னவரைத் தண்டிப்பதில்லை என்று குழு தீர்மானம் நிறைவேற்றி, அதை அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும். எந்தத் தடுப்பு நிரலும் தராத பாதுகாப்பை அத்தீர்மானம் தரும். நெசவில் இழை அறுந்தது என்று உடனே கண்டால் ஒரு முடிச்சோடு போகும். கண்டும் சொல்லாமல் நெய்துகொண்டே போனால் சேலை முழுதும் பழுதாகும்.

சங்கத்தில் இருப்பது தனி ஒருவர் பணமன்று. பங்குத் தொகையும், கூலி நிலுவையும், விளைபொருளின் விலையும் அதில் கலந்திருக்கின்றன. அதைக் காக்கும் பொறுப்பை ஓர் எழுத்தர் தலையில் மட்டும் சுமத்துதல் கூட்டுறவு ஆகாது. எல்லோரும் அறிந்து, ஒருவரையொருவர் கேட்டுத் திறக்கும் வழக்கத்தை இம்மாதமே தொடங்குவோமாக.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. தெரிந்தவர் பெயரில் வரும் இணைப்பு அந்நியர் கடிதத்தைவிட அபாயமாவது எவ்வாறு?
2. கோப்பின் விகுதி என்பது யாது? நம் சங்கக் கணினியில் அது தெரியும்படி அமைக்கப்பட்டுள்ளதா?
3. அடிக்கடி வியாபாரம் செய்வோரின் தொலைபேசி எண்கள் கணினிக்கு வெளியே ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளனவா?
4. கணக்கின் நகல் கடைசியாக எந்நாளில் எடுக்கப்பட்டது? அதனைத் திறந்து சரிபார்த்தவர் யார்?
5. தவறுதலாக இணைப்பைத் திறந்ததை உடனே தெரிவிப்பவரைத் தண்டிப்பதில்லை என்னும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் கொண்டுவர யார் முன்வருவார்?